குடித்துவிட்டு ஓட்டியவரின் உரிமமும் போக வேண்டும்: செட்டிநாட்டுச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரு மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக்களிலும் இடம்பெற்றிருக்கும் காவல், போக்குவரத்து, மருத்துவம், நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தை பிறந்துவிட்டால் செட்டிநாட்டுச் சாலைகளில் கூட்டம் குறைவதே இல்லை. பழனிக்குக் காவடி எடுப்பவர்களும் பாதயாத்திரைக்காரர்களும் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாக இரவிலும் விடியற்காலையிலும் சாலை ஓரமாகவே நடக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் திரும்பியவர்களின் கார்கள், சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகும் வேன்கள், தை முகூர்த்தங்களுக்கு மண்டபம் மண்டபமாக ஓடும் வாடகை வண்டிகள் எல்லாம் அதே சாலையில்தான் போகின்றன. அந்த நேரத்தில் ஒரே ஒரு ஓட்டுநர் போதையில் வந்தாலும் என்ன ஆகும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழிக்குள் சில ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டே இந்த மடலை எழுதுகிறோம்.

நாங்கள் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரங்களில் மோட்டார் வாகன வழக்குகளையும் விபத்து இழப்பீட்டு மனுக்களையும் நடத்தும் வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்கள், விபத்துப் பிரிவு மருத்துவர்கள். அபராதத்தை இன்னும் ஏற்றுங்கள் என்று கேட்க வரவில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வேண்டிய அளவு கடுமை இருக்கிறது. ஊதும் கருவியில் தொடங்கும் வழக்கு உரிமம் ரத்தாகும் இடம் வரை போய்ச் சேருவதில்லை. எங்கள் கவலை அதுதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 185-ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும்போது வண்டி ஓட்டுவது குற்றம். ஓட்ட முயல்வதும் குற்றமே. குடித்தவர் பார் வாசலில் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பும்போதே அந்தப் பிரிவுக்குள் வந்துவிடுகிறார். முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். முன்பு "2,000 வரை", "3,000 வரை" என்று இருந்ததில் நீதிமன்றம் குறைத்துப் போட இடம் இருந்தது. இப்போது தொகையே நிலையாக எழுதப்பட்டிருக்கிறது. முன்பு மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால்தான் இரண்டாவது குற்றம். அந்த வரம்பையும் 2019 திருத்தம் எடுத்துவிட்டது. டூவீலர், கார், மினி வேன், டிராக்டர் எல்லாவற்றுக்கும் அளவு ஒன்றுதான்.

30 மில்லிகிராம் என்றால் எவ்வளவு குடி என்பது பலருக்குத் தெரியாது. பரப்புரைப் பலகைகளிலும் அது வருவதில்லை. ஒரு குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் அது 100 மில்லிக்கு ஏறத்தாழ 125 மில்லிகிராம் வரை ஏற்றும். சட்ட வரம்பைப் போல நான்கு மடங்கு. ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி மட்டுமே குடித்தாலும் 40-ஐத் தாண்டும். 650 மில்லி பீர் பாட்டில் 5 சதவீதம் என்றால் 50-க்கு மேல், ஸ்ட்ராங் வகையில் 8 சதவீதம் என்றால் 80-க்கு மேல். எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இதே அளவு இன்னும் கூடுதலாக ஏறும். "பீர்தானே" என்ற பேச்சுக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

இறங்கும் கணக்கு இன்னும் முக்கியம். கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் அளவுதான் குறைக்கும். எலுமிச்சைச் சாறு, மோர், கட்டங்காப்பி, பச்சைத் தண்ணீரில் தலை முழுகுவது, வெற்றிலை போடுவது எதனாலும் அந்த வேகம் கூடாது. வாடையை மறைக்கலாம், அளவை மறைக்க முடியாது. டாஸ்மாக் கடை மூடும் இரவு 10 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவருக்கு விடியற்காலை 4 மணிக்கும் 30-க்கு மேல் இருக்கக்கூடும். இரண்டு குவார்ட்டர் அடித்துவிட்டுத் தூங்கி எழுந்து, காலை 6 மணிக்குப் பள்ளி வேன் எடுக்க வருபவர் ரத்தத்தில் ஏறத்தாழ 130 இருக்கும். முகம் கழுவி, திருநீறு பூசி, தெளிவாகப் பேசுவார். அவர் கையில் இருபது பிள்ளைகள்.

அதனால் எங்கள் முதல் வேண்டுகோள் நேரத்தைப் பற்றியது. இரவு எட்டு முதல் பதினொன்று வரை ஓரிடத்தில் நின்று ஊதச் சொல்லிவிட்டுக் கிளம்புவது பாதி வேலை. காலை 5.30 முதல் 8 வரை இன்னொரு சோதனை தேவை. பள்ளி வேன், கல்லூரிப் பேருந்து, மீன் வண்டி, ஜல்லி லாரி எல்லாம் ஓடும் நேரம் அது. பள்ளி நிர்வாகங்கள் வாசலிலேயே ஒரு கருவி வைத்து, சாவி கொடுக்கும் முன் ஓட்டுநரை ஊதச் சொல்லி ஒரு நோட்டில் நேரத்தோடு பதிவு செய்யட்டும். பேருந்துகளை ஆண்டுதோறும் ஆய்வு செய்யும்போது அந்த நோட்டையும் கேட்டுப் பார்க்கலாமே.

இனி சோதனை நடக்கும் விதம். இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், ஏனென்றால் வழக்கு உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

காவலர்கள் பயன்படுத்தும் பிரெத் அனலைசரில் பிளாட்டினம் பூசிய ஒரு ஃப்யூயல் செல் இருக்கிறது. மூச்சிலுள்ள ஆல்கஹால் அதில் வேதிமாற்றம் அடைந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். அதைத்தான் கருவி எண்ணாகக் காட்டுகிறது. நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றுதான் ரத்தத்தின் அளவைச் சொல்லும். ஆகவே ஐந்து ஆறு விநாடி விடாமல், ஒரே சீராக ஊத வேண்டும். உதட்டோரம் "பூ" என்று ஊதிவிட்டு நிறுத்தினால் அளவு குறைவாக வரும், அல்லது கருவி ஏற்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் உண்மையிலேயே ஊத முடியாமல் போகலாம். அவர்களை "மறுத்தார்" என்று எழுதிவிடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதே முறை.

கடைசி மிடறு குடித்த பிறகு பதினைந்து நிமிடம் வரை வாயில் தங்கியிருக்கும் ஆல்கஹால் அளவைப் பொய்யாக ஏற்றிக் காட்டும். வாந்தி எடுத்தாலும், வாய் கொப்பளிக்கும் மருந்து, இருமல் டானிக், அரிஷ்டம் சாப்பிட்டாலும் அப்படியே. டாஸ்மாக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் தடுப்பு வைத்துவிட்டு, வெளியே வந்தவரை அந்த நிமிடமே ஊதச் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு முதல் வாதம் கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது எளிது: பிடித்த நேரத்தைக் குறித்து, பதினைந்து நிமிடம் கண்ணெதிரே உட்கார வைத்து, எதையும் வாயில் போடவிடாமல், அதன் பிறகு ஊதச் சொல்வது. சில நிமிட இடைவெளியில் இரண்டாவது முறை. இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அந்த வாதம் எழாது. தசமூலாரிஷ்டம் சாப்பிட்டதாகச் சொல்பவருக்கும் இதுவே நியாயம். ஒரு வேளை மருந்தளவில் இருக்கும் ஆல்கஹால் வாயிலிருந்து நீங்கிய பிறகு 30-க்கு அருகில்கூட வராது.

ஒவ்வொருவருக்கும் புதிய ஊதுகுழாய், அவர் முன்னாலேயே உறையைப் பிரித்துப் போட வேண்டும். குழாய் இல்லாமல் முகத்துக்கு நேரே நீட்டிப் பார்ப்பது சந்தேகத்தைத் தீர்க்க மட்டுமே உதவும். அந்த அளவை வைத்து வழக்குப் போடக் கூடாது. சானிடைசர் தடவிய கையோடு கருவியைப் பிடிப்பதும் தவறு. ஒவ்வொரு சோதனைக்கும் முன் கருவி பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்து, அதையும் அச்சிட்டு வைக்க வேண்டும்.

கருவி எந்த அலகில் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். சில கருவிகள் 100 மில்லிக்கு மில்லிகிராம் என்று காட்டும், அதில் வரம்பு 30. சில சதவீதத்தில் காட்டும், அதில் வரம்பு 0.030. சில மூச்சுக் காற்றின் லிட்டருக்கு மில்லிகிராம் என்று காட்டும், அதில் வரம்பு சுமார் 0.14. வெறும் "0.20" என்று குற்றப் பத்திரிகையில் இருந்தால் அது எதைச் சொல்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கருவியின் கடிகாரம் தப்பான நேரம் காட்டுவது இன்னொரு சங்கடம். சீட்டில் மாலை நான்கு, வாக்குமூலத்தில் இரவு ஒன்பது என்றால் வழக்கு நிற்காது. கருவி எண், அளவுதிருத்தச் சான்றிதழின் தேதி இரண்டும் ஒவ்வொரு குற்றப் பத்திரிகையிலும் வர வேண்டும். தயாரிப்பு நிறுவனம் சொன்ன கால இடைவெளியில் அளவுதிருத்தம் செய்யாத கருவியை வெளியே எடுத்துப் போகவே கூடாது. சித்திரை வெயிலில் ஜீப் டாஷ்போர்டில் கருவியை வைத்துவிட்டுப் போகும் வழக்கமும் நிற்க வேண்டும். வெப்பம் ஃப்யூயல் செல்லைக் கெடுக்கும், அளவு தடுமாறும்.

ஊத மறுத்தால் என்ன செய்வது என்று களத்தில் நிற்கும் காவலர்களிடமே குழப்பம் இருக்கிறது. 203-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: சீருடையில் இருக்கும் காவல் அதிகாரிக்கு நியாயமான சந்தேகம் இருந்து, ஓட்டுநர் ஊத மறுத்தால், வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். நிலையத்தில் மறுபடி ஊத வாய்ப்புத் தர வேண்டும். அப்போதும் மறுத்தால் 204-இன்படி மருத்துவர் மூலம் ரத்தம் எடுக்கலாம். பெண்ணாக இருந்து மருத்துவர் ஆணாக இருந்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் மறுத்ததை அரசுத் தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள 205-ஆம் பிரிவு இடம் தருகிறது. "ஊதாவிட்டால் கேஸ் இல்லை" என்று டீக்கடைகளில் பேசிக்கொள்வது சரியல்ல. ஆனால் மறுத்ததைச் சாட்சியோடு, நேரத்தோடு எழுதி வைக்காவிட்டால் அந்தப் பேச்சு உண்மையாகிவிடும்.

மது வாடை வந்தது, தள்ளாடினார், கண் சிவந்திருந்தது என்று மட்டும் எழுதிய வழக்கு நிற்காது. 1971-இல் பச்சுபாய் கர்யானி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ரத்தப் பரிசோதனை இல்லாமல் வாடை, நடை, பேச்சு இவற்றை மட்டும் வைத்துக் குடிபோதை என்று முடிவுகட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. மதுவைப் பொறுத்தவரை 185-ஆம் பிரிவே எண்ணைக் கேட்கிறது. எண் இல்லை என்றால் குற்றம் இல்லை.

கைது செய்தால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 202-ஆம் பிரிவின்படி 185-க்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். புதுவயல், கீழச்சிவல்பட்டி, அரிமளம் பக்கம் இரவு பதினொரு மணிக்கு ஒருவரைப் பிடித்தால், எந்த மருத்துவமனையில் ரத்தம் எடுப்பது, வண்டிக்கு என்ன ஏற்பாடு, குப்பியும் முத்திரை அரக்கும் யாரிடம் இருக்கின்றன என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். தாமதம் உடலுக்குள்ளேயே சாட்சியத்தை அழிக்கிறது. மணிக்கு 15 வீதம் இரண்டு மணி நேரத்தில் 30 மில்லிகிராம் இறங்கிவிடும். சட்ட வரம்பே அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனைகளில் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒரு பக்கத்தில் அச்சிட்ட குறிப்பு ஒன்றை இணை இயக்குநர் அலுவலகம் அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. அதே பழக்கம்தான் கையில் வரும், அதனால்தான் எழுதி ஒட்ட வேண்டியிருக்கிறது. சோப்பும் தண்ணீரும், அல்லது ஆல்கஹால் கலக்காத போவிடோன் அயோடின் போதும். எதைக் கொண்டு துடைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். ரத்தத்தைச் சோடியம் ஃப்ளோரைடு போட்ட குப்பியில், ஒரு மில்லிக்குச் சுமார் 10 மில்லிகிராம் கணக்கில், உறையாமல் இருக்கப் பொட்டாசியம் ஆக்சலேட்டோடு எடுக்க வேண்டும். சர்க்கரைப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் சாம்பல் நிற மூடிக் குப்பியிலும் இதே இரண்டு உப்புகள்தான் இருக்கும். ஃப்ளோரைடு இல்லாவிட்டால் கிருமிகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்துப் புதிதாக ஆல்கஹாலை உண்டாக்கலாம், இருப்பதைத் தின்றும் விடலாம். இரண்டில் எது நடந்தாலும் ஆய்வக அறிக்கைக்கு மதிப்பில்லை. குப்பியைக் கூடியவரை நிரப்பி, இறுக மூடி, பெயர், தேதி, மணி, நிமிடம் எழுதி, முத்திரை வைத்து, தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும் வரை குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைக்க வேண்டும். காவல் நிலைய மேசை டிராயரில் மூன்று நாள் கிடந்த குப்பி யாருக்கும் உதவாது.

விபத்தில் அடிபட்டு உள்நோயாளியாக இருப்பவரை ஊதச் சொல்வதற்கு முன் சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் இன்னொரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், "மது வாடை உள்ளது" என்று ஒரு வரி எழுதிவிட்டு ரத்தம் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை வைத்துக் குற்றவாளியைத் தண்டிக்கவும் முடிவதில்லை. அதே வரியைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி, செத்துப்போனவரும் குடித்திருந்தார், அவர் மேலும் தவறு இருக்கிறது என்று இழப்பீட்டைக் குறைக்க வாதாடுகிறது. எழுதினால் ரத்தம் எடுங்கள். வரம்புக்குக் கீழே வந்தால் அந்தக் குடும்பத்துக்கு அதுவே பாதுகாப்பு.

கஞ்சா, மாத்திரை போதைக்கும் 185 பொருந்தும். அங்கே எண் வரம்பு கிடையாது, வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்பதே கேள்வி. ஊதும் கருவி அதைக் காட்டாது என்பதால் மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பே முதுகெலும்பு.

இப்போது உரிமத்துக்கு வருவோம். இந்த மடலின் நோக்கமே இதுதான்.

10,000 ரூபாய் கூலி வேலை செய்பவருக்கு ஒரு மாத வயிற்றுப்பாடு. சொந்தக் காரில் வருபவருக்கு அது ஒரு விருந்தின் செலவு. உரிமம் போவது இருவருக்கும் ஒன்றுபோலவே வலிக்கும். சட்டம் அதை இரண்டு வழியில் செய்யச் சொல்கிறது. 206(4)-இன்படி 185 குற்றம் செய்ததாகக் கருதப்படுபவரின் உரிமத்தைக் காவல் அதிகாரி கைப்பற்றி, உரிமம் வழங்கும் அலுவலருக்கு அனுப்பியாக வேண்டும். அப்போது தரும் ரசீதைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது, உரிமம் திரும்பக் கிடைக்கும் வரை ஓட்டக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 19(1A)-இன்படி அந்த அலுவலர் விளக்கம் கேட்டு, முதல் முறை என்றால் மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யலாம், இரண்டாவது முறை என்றால் உரிமத்தையே ரத்து செய்யலாம். தகுதிநீக்கம் பெற்றவர் புத்தாக்கப் பயிற்சி முடித்தாக வேண்டும். இது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழி. நீதிமன்றத்தின் வழி தனி. 20(2)-இன்படி 185-இல் தண்டிக்கப்பட்ட ஒவ்வொருவரையும் குறைந்தது ஆறு மாதம் தகுதிநீக்கம் செய்து நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். சொல் "செய்யலாம்" என்று இல்லை, "செய்ய வேண்டும்" என்று இருக்கிறது. அபராதம் கட்டிவிட்டு அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு போவதற்குச் சட்டத்தில் வழியே கிடையாது.

ஆனாலும் போகிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டும் வழக்குகளில் தகுதிநீக்க உத்தரவை யாரும் கேட்பதில்லை, அதனால் எழுதப்படுவதில்லை. அரசு உதவி வழக்கறிஞர் ஒவ்வொரு 185 வழக்கிலும் 20(2) உத்தரவைக் கேட்டு மனு ஒன்றை வைக்கும்படி குழு கேட்டுக்கொள்ளட்டும். குற்றப் பத்திரிகையின் அடியிலேயே "20(2)-இன்கீழ் தகுதிநீக்கம் கோரப்படுகிறது" என்று அச்சடித்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. 185-ஆம் பிரிவு, ஸ்பாட் ஃபைன் கட்டி முடித்துக்கொள்ளும் 200-ஆம் பிரிவுப் பட்டியலிலும் இல்லை. தெருவிலேயே பணத்தை வாங்கிக்கொண்டு முடித்துவிட எந்த அதிகாரிக்கும் உரிமை கிடையாது.

உத்தரவு வந்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. அட்டையைப் பறித்து அலமாரியில் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் காட்டும் உரிமம் அசலுக்குச் சமம். ஓட்டுநர் உரிமங்களைப் பதிவு செய்யும் சாரதி இணையதளத்தில் தகுதிநீக்கம் பதிவாகாத வரை, அடுத்த சோதனைச் சாவடியில் கைப்பேசியை நீட்டிவிட்டு அவர் போய்விடுவார். பதிவாகியிருந்தால், தகுதிநீக்கக் காலத்தில் ஓட்டியதற்கு 182-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் வரும். சிவகங்கை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், காரைக்குடி பகுதி அலுவலகம், புதுக்கோட்டை அலுவலகம் மூன்றும் உத்தரவு கைக்கு வந்து எத்தனை நாளில் சாரதியில் ஏற்றுகின்றன என்பதைக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு மாதமும் கேட்க வேண்டும். 2015-இலேயே உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, குடித்துவிட்டு ஓட்டுபவரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டது.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் விழுந்திருப்பதால் இன்னொரு சிக்கல். திருமயம் பக்கம் பிடிபட்டவரின் முந்தைய குற்றம் காரைக்குடி பக்கத்து நிலையத்தில் காகிதத்தில் கிடந்தால், இரண்டாவது குற்றம் முதல் குற்றமாகவே போய்விடும். 15,000 ரூபாயும் உரிம ரத்தும் நடக்க வேண்டிய இடத்தில் வெறும் 10,000. இ-சலான் பதிவில் உரிம எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வழக்கு எழுதுங்கள். வண்டி எண்ணை வைத்துத் தேடுவது பயன் தராது, இரவல் வண்டியில்தான் பலர் வருகிறார்கள். இரு மாவட்டக் காவலர்களும் எல்லையில் ஒரே இரவில், ஒரே நேரத்தில் நிற்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் நின்றால் வாட்ஸ்ஆப்பில் செய்தி பறந்து எல்லோரும் மறுபக்கச் சாலையைப் பிடித்துவிடுவார்கள். அதே காரணத்தால் ஒரே இடத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டாம்.

பிடிபட்டவரின் வண்டியை என்ன செய்வது என்பதிலும் தகராறு வருகிறது. வண்டியைப் பிடித்துவைக்கும் 207-ஆம் பிரிவில் 185 சொல்லப்படவில்லை. உடன் வந்தவர் குடிக்காமல், உரிமத்தோடு இருந்தால் அவரையும் ஊத வைத்துப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடம் ஒப்படையுங்கள். யாரும் இல்லையென்றால் நிலையத்தில் ரசீதோடு வைத்து, காலையில் உரிமையாளரிடம் தரலாம். போதையில் இருப்பவரிடம் மட்டும் சாவியைத் திருப்பித் தர வேண்டாம்.

சாவி கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு. 188-ஆம் பிரிவின்படி இந்தக் குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை. டிராவல்ஸ் உரிமையாளர், தெரிந்தே டிரைவரை அனுப்பும் மேலாளர், "நீயே ஓட்டுடா" என்று வண்டியைக் கொடுக்கும் நண்பர் எல்லோரும் அதில் வருவார்கள். டாஸ்மாக் பார் ஒப்பந்தக்காரர்கள், கானாடுகாத்தான், காரைக்குடி பக்கத்து ஹோட்டல்கள், கல்யாண மண்டபங்கள் வாசலில் ஆக்டிங் டிரைவர்களின் எண்களை எழுதி வைக்க உள்ளாட்சி நிர்வாகம் சொல்ல வேண்டும். நாள் வாடகை எவ்வளவு என்பதும் பலகையில் இருக்கட்டும். 10,000 ரூபாய்க்கும் ஆறு மாத உரிமத்துக்கும் பக்கத்தில் அந்தத் தொகை மிகச் சிறிதாகத் தெரியும்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தை மக்களுக்கு யாரும் சொல்வதில்லை. குடித்து ஓட்டி வண்டி நொறுங்கினால் சொந்தச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் வராது. ஊதும் சோதனை நடக்காவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்துப் போதையில் இருந்தார் என்று நிறுவி கம்பெனி மறுக்கலாம் என்று 2021-இல் பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உரிமையாளரே ஓட்டி இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடும் போதையில் செல்லாது. அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுக்க நேர்ந்தாலும், 2019 திருத்தத்துக்குப் பிறகு போதை என்பது 150-ஆம் பிரிவில் கம்பெனியின் எதிர்வாதமாகவே எழுதப்பட்டிருக்கிறது. கொடுத்த தொகையை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்க கம்பெனி வரும். வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரலாம். வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வரும் ஒவ்வொருவர் கையிலும் இதைத் துண்டுச் சீட்டாகக் கொடுக்கலாம்.

உயிர் போனால் 185 மட்டும் போதாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-இல் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தே ஓட்டியதை நிறுவினால் 105-ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை போகும். 2012-இல் அலிஸ்டர் பெரேரா வழக்கில் மும்பையில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேரைக் கொன்றவர் மீது பழைய தண்டனைச் சட்டத்தில் இதற்கு இணையாக இருந்த பிரிவில் விதித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கில் ரத்தப் பரிசோதனை அறிக்கை இருந்தது. இங்கே நடந்து போகும் பக்தர் மேல் வண்டி ஏறினால், முதல் இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுக்காவிட்டால் அந்தப் பிரிவைப் போடுவதற்கே ஆதாரம் இருக்காது.

தை பாதயாத்திரை நாட்களுக்கென்று இவற்றைச் செய்து கொடுங்கள். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி சாலையில் இரவு 10 முதல் காலை 7 வரை நகரும் சோதனை. ஒவ்வொரு குழுவிடமும் நல்ல நிலையில் இரண்டு கருவிகள், போதுமான ஊதுகுழாய், அச்சுத் தாள், முத்திரைக் குப்பிகள். அந்த இரவுகளுக்கு ரத்தம் எடுக்க ஒரு மருத்துவர் பெயர் குறித்த பணிப்பட்டியல். மாத முடிவில் எத்தனை பேரை ஊத வைத்தீர்கள், எத்தனை பேர் வரம்பு தாண்டினார்கள், எத்தனை பேருக்கு 20(2) உத்தரவு வந்தது, எத்தனை உத்தரவு சாரதியில் ஏறியது என்ற நான்கு எண்களை ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். முதல் எண்ணுக்கும் நான்காவது எண்ணுக்கும் நடுவில் எங்கே வழக்கு காணாமல் போகிறது என்று அடுத்த கூட்டத்தில் அதை வைத்தே பேசிவிடலாம். காவலர்களுக்கும் செவிலியர்களுக்கும் அரை நாள் பயிற்சி வேண்டுமென்றால், குற்றப் பத்திரிகை மாதிரிப் படிவத்தோடு வந்து நடத்தித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்கள்